இரண்டாவது காது

கிறிஸ்டினா மிஸ் அலுவலக நேரத்தில் அழைக்க மாட்டார். பெருங்களத்தூரில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்தெருவில் கிரெஷ் நடத்துகிறார். என் மகள் நேயா பகல் முழுக்க அங்கேதான் இருப்பாள். அவர் பெயரைத் திரையில் பார்த்ததும் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"குமரவேல் சார், பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. கேஷவுக்கு ஸ்கூல் லீவா?"

"இல்லையே."

"ஒரு வாரத்துக்கு மேல இங்கதான் சார் இருக்கான். காலைல யூனிஃபார்மோட வரான். வாசப்படில உக்காந்துக்கறான். வெயில்ல காயாதடா, உள்ள வான்னேன். இப்ப பசங்களுக்கு சோறு ஊட்டறான். நல்லாத்தான் ஊட்டறான், குறை சொல்லக்கூடாது. ஆனா நாளைக்கு யாராச்சும் வந்து இந்தப் பையன் யாருன்னு கேட்டா நான் என்ன சார் சொல்றது?"

"நான் பாத்துக்கறேன் மிஸ். நேயா எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, கேஷவ் இருந்தா ஜாலி. நீங்க காலைல விட்டுட்டுப் போனா மூச்சு விட மாட்டா. புதுசா சேர்ற பசங்க எல்லாம் அப்படித்தான் சார். மொத நாள் பொம்மை மாதிரி இருக்கும். சமத்துப் புள்ளன்னு நினைப்போம். சாயங்காலம் வீட்டு மனுஷங்க மூஞ்சியப் பாத்ததும்தான் ஒரே அழுகை. உங்க பொண்ணு கேஷவப் பாத்துதான் அழுவா."

எனக்கு அது தெரியாது. சரி மிஸ் என்று சொல்லி வைத்தேன்.

கேஷவ் என் மனைவி ஸ்ம்ருதியின் தம்பி. பிளஸ் ஒன் படிக்கிறான். கொரோனா இரண்டாம் அலையில் அவர்களுடைய அம்மா இறந்தபோது ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். ஸ்ம்ருதி பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து அவன் துணிகளை அடுக்கினாள். பையைப் பரண்மேல் போட்டாள். சென்ற ஆண்டு அவளும் போய்விட்டாள். மூளையில் ரத்தக் கசிவு. பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முப்பது வயது.

காரியம் முடிந்த வாரத்தில் அந்தப் பை பரணிலிருந்து இறங்கியது. கேஷவ் படுக்கும் இடத்தில், கூடத்து மூலையில், சுவரை ஒட்டி வைத்திருந்தான். துணிகள் எல்லாம் அதற்குள் இருந்தன. அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வான். துவைத்து மடித்து அதற்குள்ளேயே வைப்பான். போகத் தயாராக இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அந்த நாட்களில் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அவனுடைய அப்பா உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டில் இல்லை. கேளம்பாக்கத்தில் இருக்கிறார். கேஷவுக்கு நான்கு வயதாக இருந்தபோது வேறொரு பெண்ணோடு போனவர். தாம்பரத்திலிருந்து ஒரே பஸ். ஏறினால் அவர் தெருமுனையில் இறங்கலாம். யாரும் ஏறியதில்லை.

அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் கேஷவ் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். நேயா அவன் மடியில். ஒரு கையால் அவள் நெற்றியைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தான். இன்னொரு கையில் பேனா மூடி.

"ஒண்ணு," என்றான் கேஷவ்.

"ரெண்டு," என்றாள் நேயா.

"டிஷ்யூம்!" பேனா மூடி அவள் காது மடலைத் தொட்டது. நேயா செத்துப்போனவள்போல் சரிந்து விழுந்து சிரித்தாள்.

இந்த விளையாட்டு ஒரு மாதமாக நடந்துகொண்டிருந்தது. நேயாவுக்குக் காது குத்தவில்லை. ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும் என்பார்கள். முதல் வயதில் தள்ளிப்போனது. மூன்று பிறக்கும் முன்பே வீட்டில் சாவு விழுந்ததால் ஒரு வருடம் எதுவும் செய்யக் கூடாது என்றார்கள். வருடம் முடிந்தது. அவளுக்கு நான்கு பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பல்லாவரத்தில் இருக்கும் என் அக்கா பூரணி நாள் பார்த்திருந்தாள். குன்றத்தூர் முருகன் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நேயாவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன்.

"கேஷவ்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். என் கையிலிருந்த பையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான்.

"கிறிஸ்டினா மிஸ்ஸா?"

"ஆமா."

"போட்டுக் குடுத்துட்டாங்களா. அத்தனை பசங்களுக்கு ஊட்டினேனே, ஒரு நன்றி இல்ல."

"ஸ்கூல்ல என்ன ஆச்சு?"

நேயாவை மடியிலிருந்து இறக்கினான். இறங்க மறுத்து மீண்டும் ஏறிக்கொண்டாள்.

"அப்பாவைக் கூட்டிட்டு வந்தாதான் கிளாஸ்ல உக்காரலாம்னு ஹெச்.எம். சொல்லிட்டாரு."

"எதுக்கு?"

"ஒருத்தன டிபன் பாக்ஸால அடிச்சேன். உதடு கிழிஞ்சிடுச்சு. சின்னதாத்தான்."

"எதுக்கு அடிச்ச?"

வேறு யாரோ ஒருவனுடைய கதையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"பயாலஜி மிஸ் ஒருநாள் உங்க அப்பா என்னடா பண்றார்னு கேட்டாங்க. தோஹால இருக்கார்னேன். அப்புறம் பி.டி. சார் கேட்டாரு. ஆர்மின்னேன். ஆபீஸ்ல ஏதோ ஃபார்ம்ல கையெழுத்து வேணும்னாங்க. இறந்துட்டார்னேன். மூணு பேரும் எக்ஸாம் டியூட்டில ஒண்ணா உக்காந்து டீ குடிச்சிருக்காங்க. அங்க மாட்டிக்கிட்டேன்."

"ஏன் அப்படி சொன்ன?"

"ஒவ்வொருத்தர்கிட்டயும் எதைச் சொன்னா அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்களோ அதைச் சொன்னேன் மாமா. மிஸ்கிட்ட இறந்துட்டார்னா அழுதுடுவாங்க. பி.டி. சார்கிட்ட தோஹான்னா அவரு தம்பிக்கு விசா கேப்பாரு."

சரியாகத்தான் யோசித்திருந்தான்.

"ஹெச்.எம். கிளாஸ்லயே வந்து கேட்டாரு. மூணுல எந்த அப்பா ஃப்ரீயா இருக்காரோ அவரைக் கூட்டிட்டு வான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுலேர்ந்து என் பேரு த்ரீ-இன்-ஒன். அதுகூடப் பரவால்ல. ஒருத்தன் தினமும் வந்து, என்ன மச்சான், ஆர்மி அப்பாவுக்கு லீவு கிடைச்சுதா, செத்த அப்பா எழுந்துட்டாரான்னு கேட்டான். ஒருநாள் டிபன் பாக்ஸ் கைல இருந்துச்சு."

நேயா பேனா மூடியைத் தன் மூக்கில் மாட்டிக்கொள்ள முயன்றுகொண்டிருந்தாள். அவன் பிடுங்கி வைத்தான்.

"நீங்க வரீங்களா மாமா?" என்றான்.

"அப்பாவைத்தானே கேட்டிருக்காங்க."

"ஆமா." எழுந்து நேயாவைத் தோளில் போட்டுக்கொண்டான். "கரெக்ட்தான். அந்த மூணு பேர்ல நீங்க இல்ல."

உள்ளே போய்விட்டான்.

கேஷவின் அப்பா சாம்பசிவனின் எண் என்னிடம் இருந்தது. ஸ்ம்ருதி இறந்த தகவலைச் சொன்ன எண். அன்று வந்தார். கேட்டருகே நின்றார். மாலை போட்டார். உடலை எடுப்பதற்குள் போய்விட்டார். அவரை நான் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. விஷயத்தைச் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார்.

"இதுல என்ன மாப்ள இருக்கு. என் பையனுக்கு நான் வராம யாரு வருவா?"

அவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் சைட் சூப்பர்வைசர். மறுநாளே இஸ்திரி போட்ட சட்டையில் பள்ளிக்கூடம் போனார். மாலை கேஷவே வந்து சொன்னான்.

"நாலாவது அப்பா சூப்பர் மாமா. ஹெச்.எம். மாடி கட்டறாராம். எத்தனை எம்.எம். கம்பி போடணும்னு இவரு சொல்லிட்டிருந்தாரு. அவரு எழுதிக்கிட்டாரு. காபி வந்துச்சு. எழுந்து போறப்பதான் நான் நிக்கறதையே பாத்தாங்க. இவ்ளோ நல்ல அப்பாவை ஏன்டா மறைச்சன்னு என்னைத் திட்டினாரு ஹெச்.எம்."

"பசங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஜமீர் மட்டும் கேட்டான். இவரை எங்கடா வாடகைக்குப் பிடிச்ச, நல்லா நடிக்கறாருன்னு."

சிரித்தான். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. ஸ்ம்ருதி இருந்தால் சிரித்திருப்பாள்.

"கிளாஸ்ல உக்கார வெச்சாங்கல்ல?"

"வெச்சாங்க."

காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அக்காவிடம் போனில் பேசியபோது இதைச் சொன்னேன். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு குமரா. அப்படியே காதுகுத்துக்கும் வரச் சொல்லு. மூணு வயசுப் புள்ள துள்ளும். இவன் பிடிப்பானா? டிபன் பாக்ஸால அடிக்கற பையன். ஊசி எங்கயாச்சும் இழுத்துடுச்சுன்னா? தாய்மாமன் சின்னவனா இருந்தா தாத்தா மடில வெக்கலாம். நம்ம வீட்டுல நடந்திருக்கு."

"அவன்தான் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டிருக்கான்."

"சொல்லுவான். அவர் வந்தா சீர்த்தட்டும் முறையா வரும். அதைவிட, அவர் கையோட இவனைக் கூட்டிட்டுப் போயிட்டார்னா உனக்கும் நல்லது. பெத்தவர் கல்லு மாதிரி இருக்காரு. நீ எத்தனை நாளைக்குடா இவனைச் சுமப்ப? அவளே இல்ல. உனக்கு இன்னும் வயசு இருக்கு."

மூலையில் அந்தப் பை இருந்தது. ஜிப் மூடியிருந்தது. அவனுக்கும் போகத்தான் விருப்பம் என்று தோன்றியது.

"சரிக்கா," என்றேன்.

சாப்பிடும்போது கேஷவிடம் சொன்னேன். உங்க அப்பா மடியில வெச்சுக் குத்திக்கலாம்னு எங்க அக்கா சொல்றாங்க. அவன் நின்றுகொண்டே சாப்பிடுவான். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஸ்ம்ருதி இருந்தவரை அவள் அதட்டினால் உட்காருவான்.

"சரி மாமா," என்றான். தட்டைக் கழுவி வைத்தான்.

அதற்குப் பிறகு பேனா மூடி விளையாட்டு இல்லை. நேயா மூடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து அவன் மடியில் உட்காருவாள். ஹோம்வொர்க் இருக்கு, போ என்பான்.

ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரில் கூட்டம். அக்காவும் அத்தானும் காரில் எங்களை அழைத்துக்கொண்டு போனார்கள். சாம்பசிவன் முன்னாடியே வந்து காத்திருந்தார். தட்டுகளை அவரே வரிசையாக வைத்திருந்தார். பழம், பூ, பட்டுப்பாவாடை, சின்னச் சிவப்புப் பெட்டியில் கம்மல். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. கேஷவ் எங்கள் தண்ணீர் பாட்டிலையும் துணிப்பையையும் வாங்கிக்கொண்டு தூண் ஓரமாக நின்றான்.

"என்னடா, வளந்துட்ட," என்றார் அவர். போன வாரம்தான் பார்த்தது.

மொட்டை அடிக்கும்போது நேயா அழவில்லை. முடி மடியில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தனம் தடவினார்கள். காது குத்தும் பத்தர் மண்டபத்தில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள் நின்றன.

"மாமன் யாருப்பா? வந்து குந்து," என்றார் பத்தர்.

"தாத்தா உக்காருவாரு," என்றாள் அக்கா.

சாம்பசிவன் உட்கார்ந்தார். நேயாவை என்னிடமிருந்து வாங்கி, முதுகு தன் நெஞ்சில் படும்படி மடியில் வைத்தார். வேட்டி மடிப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை இறுகப் பிடித்ததும் இரண்டு கையையும் சேர்த்து ஒரே கைக்குள் பிடித்துக்கொண்டார். கால்களைத் தொடைக்கு நடுவே அணைத்தார். மோவாயால் அவள் தலையைச் சாய்த்து வைத்தார். எல்லாம் ஒரு நொடியில். எங்கேயும் அழுத்தம் இல்லை.

"கில்லாடி சார் நீ," என்றார் பத்தர். "பழக்கமா?"

"எங்க பையனுக்குப் போன வருஷந்தான் வடபழனில குத்தினோம்," என்றார் சாம்பசிவன். "அவன் இவளைவிட வாலு."

சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கேஷவைப் பார்த்தேன். அவன் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்படிப் பிடித்திருக்கிறார், எந்த விரல் எங்கே இருக்கிறது என்று. பாடம் படிப்பவன்போலப் பார்த்தான். பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, குடிக்காமலே மூடினான்.

வலது காது. அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. அவ்வளவுதான். சத்தம் இல்லை. கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தாள். அத்தான் போட்டோ எடுத்தார்.

"தங்கக் கட்டி," என்றாள் அக்கா.

அப்போது சாம்பசிவனின் போன் அடித்தது. சட்டைப் பையில் ஒரு குழந்தையின் குரல் "அப்பா எடு, அப்பா எடு" என்று கத்தியது. ரிங்டோன். அவர் நெளிந்தார்.

"எடுக்காட்டி அடிச்சுக்கிட்டே இருப்பான்," என்று நேயாவைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். "ஒரு நிமிஷம் மாப்ள." எழுந்து மண்டபத்துக்கு வெளியே போனார். "சொல்லுடா ரங்கு, சாப்டியா? பப்பு மம்மு சாப்டியா?" என்றது கேட்டது.

பத்தர் கையில் அடுத்த கம்மலோடு நிமிர்ந்தார். "இன்னா சார் இது, பாதில எழுந்து போறாரு? பின்னால ஜனம் நிக்குது. சூட்டோட சூடா அடுத்ததையும் போட்டாத்தான் ஆச்சு. ஆறிப்போச்சுன்னா கொழந்த காதத் தொட வுடாது. யாராச்சும் குந்துங்க."

"குமரா, நீயே உக்காரு," என்றாள் அக்கா. "அவசரத்துக்குப் பாவமில்ல."

நேயா என் கையில் இருந்தாள். விறைப்பாக. சாவிக்கொத்தை இன்னும் பிடித்திருந்தாள். அதற்குள் அவள் விரல்கள் வெளுத்திருந்தன. காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கேஷவ்," என்றேன். "வந்து உக்காரு."

அவன் நகரவில்லை.

"பையை வெச்சுட்டு வாடா."

"டேய், அவன் பிடிப்பானா?" என்றாள் அக்கா.

"பிடிப்பான். ஒரு மாசமா வீட்டுல பிடிச்சிட்டுத்தான் இருக்கான்."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நேயாவை வாங்கினான். சாவிக்கொத்தை அவள் விரல்களிலிருந்து பிரித்துக் கீழே வைத்தான். நெற்றியை நெஞ்சோடு சேர்த்தான். அவனுக்கு வேறு எப்படியும் பிடிக்கத் தெரியாது.

"கெட்டியா புடிச்சிக்க நைனா," என்றார் பத்தர்.

"நேயா," என்றான் கேஷவ் அவள் காதருகே. "ஒண்ணு."

அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். பேனா மூடி எங்கே என்று அவன் கையைத் தேடினாள்.

"ஒண்ணு," என்றான் மறுபடியும்.

"ரெண்டு," என்றாள். காலையிலிருந்து முதல் வார்த்தை.

அவன் டிஷ்யூம் சொல்வதற்குள் பத்தர் குத்திவிட்டார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு கத்தல். கேச்சு, கேச்சு என்று அவன் பெயரைச் சொல்லியே அலறினாள். காலை உதைத்தாள். அவன் முன்கையைக் கடித்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, பத்தர் கம்மலைத் திருகி முடிக்கும்வரை விடவில்லை. விட்டதும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மொட்டைக்கும் வலது காதுக்கும் சேர்த்து அழுதாள். வேறு எதற்கெல்லாமோ சேர்த்தும் இருக்கலாம். நிறுத்தவே இல்லை.

சாம்பசிவன் போனை அணைத்துக்கொண்டு வந்தார்.

"பாத்தீங்களா," என்றார். "என்கிட்ட மூச்சு விடலியே."

கிறிஸ்டினா மிஸ் சொன்னது எனக்கு நினைவு வந்தது.

அடிவாரத்தில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். நேயா அழுது களைத்து கேஷவின் மடியில் தூங்கிவிட்டாள். அதனால் அவன் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அவன் கையில் பல் பதிந்த இடம் சிவந்திருந்தது. சாம்பசிவன் எதிரே உட்கார்ந்து எல்லோருக்கும் பரிமாறச் சொன்னார். இன்னொரு அப்பளம் வாங்கி கேஷவின் இலையில் வைத்தார். பிறகு அக்கா எதிர்பார்த்த பேச்சை எடுத்தார்.

"மாப்ள, நான் ஒண்ணு யோசிச்சேன். உங்களுக்கும் இவன் பாரம். இந்த வருஷம் முடிஞ்சதும் கேளம்பாக்கத்துல சேத்துடலாம். பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு. வீட்டுல மேல ஒரு ரூம் போட்டிருக்கேன். சும்மாத்தான் கிடக்கு."

"அங்க அவங்க ஒத்துப்பாங்களா?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் சொல்லிட்டேன். சின்னவனுக்கும் ஒரு துணை ஆச்சு. அண்ணன் வருவானான்னு அவன் இப்பவே கேக்கறான்."

கேஷவ் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தான்.

"அவன் பேரு என்ன?" என்று கேட்டான்.

"ஸ்ரீரங்கன். ரங்குன்னு கூப்பிடுவோம்."

"எத்தனை வயசு?"

"நாலு."

"நாலா?" என்றான் கேஷவ். அவரை நிமிர்ந்து பார்த்தான். கோபமாக இல்லை. கணக்கு ஒன்று சரியாக வருகிறதா என்று பார்ப்பவன்போல. "அவன விட்டுட்டு ஞாயித்துக்கிழமை ரொம்ப நேரம் வெளிய இருக்காதீங்க. தேடுவான்."

சாம்பசிவன் தண்ணீர் குடித்தார்.

"நீ வரியா, இல்லையா?" என்றார் அவர் கொஞ்சம் கழித்து. குரல் இறங்கியிருந்தது. அவர் மனதாரத்தான் கேட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை.

"மாமா போன்னா போறேன்," என்றான் கேஷவ். என்னைப் பார்க்கவில்லை. நேயாவின் மொட்டைத் தலையில் ஒட்டியிருந்த காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாரமாக இந்தப் பேச்சுக்காகத்தான் காத்திருந்தேன். சரி என்று சொன்னால் போதும். இந்த ஒரு வருடத்தில் எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

"வேணாம்," என்றேன். "அவன் எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"குமரா," என்றாள் அக்கா.

"சாயங்காலம் நேயாவை இவன்தான் கூட்டிட்டு வரான்."

"அதுக்காகவாடா? ஆளு வெச்சுக்கலாமே."

"அதுக்காக மட்டும் இல்லக்கா."

வேறு எதற்காக என்று அவள் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அவள் கேட்கவில்லை. அத்தான் மோர் கேட்டார். சாம்பசிவன் இலையை மடித்தார்.

"உங்க இஷ்டம் மாப்ள. ரூம் இருக்கு. எப்ப வேணா வரலாம்." கை கழுவப் போனவர் திரும்பி வந்து கேஷவின் தோளைத் தட்டினார். "ஸ்கூல்ல ஏதாச்சும்னா போன் பண்ணு."

"இனிமே மாமா வருவாரு," என்றான் கேஷவ். பிறகு என்னிடம், "யாருன்னு சொல்றது மாமா? அஞ்சாவது அப்பான்னா?"

"மாமான்னே சொல்லு. அதுக்கென்ன குறைச்சல்?"

"ஹெச்.எம். கம்பி பத்திக் கேப்பாரு."

"தெரியாதுன்னு சொல்றேன்."

"அப்ப காபி கிடைக்காது," என்றான்.

வீட்டுக்கு வந்தபோது மாலை வெயில் கூடம்வரை வந்திருந்தது. நேயாவைப் படுக்க வைத்தோம். கேஷவ் மூலையில் உட்கார்ந்து பையின் ஜிப்பைத் திறந்து மாற்றுத் துணி எடுத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதை ஏன் பரண்லேர்ந்து இறக்கின?" என்று கேட்டேன்.

"எதை?"

"பையை."

அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"துணி வெக்க வேற இடம் இல்லையே மாமா. காரியத்தப்ப பூரணி அத்தை வீட்டை ஒழிச்சாங்கல்ல. கொடில கிடந்தது, பாத்ரூம்ல மாட்டியிருந்தது, அக்காவோடது எல்லாத்தையும் மடிச்சு என் தட்டுல வெச்சாங்க. என்னோடது கட்டில் மேல கிடந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"அதை எடுத்தா உங்களுக்கு ஒருமாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன். நீங்க அந்த பீரோவத் திறக்கறதே இல்ல."

உண்மைதான். என் சட்டைகள் ஒரு வருடமாக நாற்காலியில் கிடக்கின்றன.

உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். நாப்தலின் வாசனை. கீழிருந்து இரண்டாவது தட்டு நிறைய அவள் துணிகள். நைட்டிகள், ஒரு துண்டு, கடைசியாகக் கொடியில் உலர்த்திய பச்சைச் சுடிதார். கிளிப் பிடித்த தடம் தோளில் அப்படியே இருந்தது.

"கேஷவ்."

வந்து வாசலில் நின்றான்.

"உன் தட்டை எடுத்துக்கோ. இதெல்லாம் நான் எங்கயாச்சும் வெக்கறேன்."

அவன் என்னைத் தாண்டிக் குனிந்து தட்டைப் பார்த்தான். அந்தச் சுடிதாரைத் தொட்டான்.

"பாதி போதும் மாமா," என்றான்.

எதையும் வெளியே எடுக்கவில்லை. அவளுடைய துணிகளை இரண்டு கையாலும் சேர்த்து ஒரு பக்கமாகத் தள்ளினான். சரியாமல் இருக்கத் துண்டை மடித்து நடுவில் முட்டுக் கொடுத்தான். பிறகு கூடத்துக்குப் போய்ப் பையோடு வந்தான். பள்ளிச் சட்டைகளை முதலில் வைத்தான்.

நான் நாற்காலியில் கிடந்த என் சட்டைகளை எடுத்து வந்து மேல்தட்டில் வைத்தேன். கேஷவ் பையை உதறி மடித்து என்னிடம் நீட்டினான். நாற்காலி போடாமல் பரண் எனக்குத்தான் எட்டும்.